டிரைவ் ‘டவுன்’ ஆனால் உடனே ‘அப்’ கொடுக்காதீர்கள்: நெட்பேக்அப்பில் டேப் டிரைவ் கோளாறுகள், அறிகுறி வாரியாக

நெட்பேக்அப் என்ற பேக்அப் மென்பொருளின் டிவைஸ் மானிட்டரில் ஒரு டேப் டிரைவ் ‘டவுன்’ என்று நின்றால், வலது கிளிக் செய்து ‘அப்’ கொடுப்பதுதான் பெரும்பாலானோர் முதலில் செய்யும் வேலை. ஒரு மணி நேரம் ஓடும். மறுபடி விழும். மறுபடி அப். இதற்கிடையில் அந்த டிரைவில் ஏறிய நல்ல டேப்பெல்லாம் ஒவ்வொன்றாக ‘ஃப்ரோஸன்’ (இனி எழுத வேண்டாம் என்று மென்பொருள் விலக்கிவைத்தது) ஆகிக்கொண்டிருக்கும். டவுன் என்பது காய்ச்சல் மாதிரி. உடம்பு எதையோ எதிர்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எதை என்று பார்க்காமல் மாத்திரையை மட்டும் போட்டால், ரிஸ்டோர் கேட்கும் நாளில்தான் விஷயம் தெரியவரும்.

இங்கே எழுதியிருப்பது வெரிட்டாஸ் நெட்பேக்அப்பை வைத்து. 2024 டிசம்பர் முதல் அது கோஹெசிட்டியின் கையில் இருக்கிறது. சேன் (சேமிப்புச் சாதனங்களுக்கான தனி நெட்வொர்க்) வழியாக இணைத்த எல்டிஓ வகை டேப் லைப்ரரி, அதாவது டிரைவுகளும் டேப்புகளும் அவற்றை மாற்றிப்போடும் ரோபோவும் உள்ள பெட்டி, டேப்பில் எழுதும் லினக்ஸ் அல்லது விண்டோஸ் மீடியா சர்வர், இதுதான் களம். பதிப்புக்குப் பதிப்பு மெனு இடம் மாறலாம். உள்ளே ஓடும் புராசஸ்கள் பல வருடங்களாக அவையேதான்.

முதலில் ‘கன்ட்ரோல்’ என்ற நெடுவரிசையைப் படியுங்கள்

டிவைஸ் மானிட்டரில் இது கண்ணெதிரே இருக்கிறது. கமாண்டில் பார்ப்பதானால் விஎம்ஓபிஆர்சிஎம்டி, கூடவே ‘மைனஸ் டி’. பெரும்பாலும் இந்த நான்கு வார்த்தைகளில் ஒன்று இருக்கும். ‘டிஎல்டி’ என்றால் ரோபோவும் டிரைவும் மென்பொருளின் பிடியில் நலமாக இருக்கின்றன. ‘ஏவிஆர்’ என்றால் டிரைவ் உயிரோடு இருக்கிறது, ஆனால் ரோபோவோடு தொடர்பு போய்விட்டது. யாராவது கையால் டேப்பைப் போடுவார்கள் என்று மென்பொருள் காத்திருக்கிறது. ‘டவுன்-டிஎல்டி’ என்றால் மென்பொருளோ ஆளோ அந்த டிரைவை வேலையிலிருந்து விலக்கிவிட்டார்கள். ‘பெண்ட்’ என்றால் பல சர்வர்கள் பகிர்ந்துகொள்ளும் டிரைவை வேறொரு சர்வர் பிடித்து வைத்திருக்கிறது.

யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மீடியா சர்வரிலும் எல்டிஐடி ஓடும். அதன் கீழே, டிரைவில் டேப் ஏறியதா, அதன் லேபிள் என்ன என்று பார்க்க ஏவிஆர்டி. ரோபோ வேலை கேட்க டிஎல்டிடி. ரோபோவை நேரடியாக ஆட்டும் டிஎல்டிசிடி, ரோபோ கன்ட்ரோல் ஹோஸ்ட் என்ற ஒரே ஒரு சர்வரில்தான் ஓடும். மற்ற சர்வர்களின் டிஎல்டிடி எல்லாம் நெட்வொர்க் வழியாக அதனிடம்தான் கேட்க வேண்டும். கீழே வரும் பாதிச் சிக்கல்கள் இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்ற கேள்விதான்.

எல்லா டிரைவும் ஒரே நேரத்தில் ஏவிஆர்

ஒரு ராத்திரி என்னோடு வேலை பார்த்த பையன் போன் செய்தான். “அண்ணே, எட்டு டிரைவும் ஏவிஆர்ல நிக்குது. எல்டிஐடியை ரெண்டு தடவை நிறுத்தி ஏத்திட்டேன், அப்படியேதான் இருக்கு.”

“இன்னைக்கு லைப்ரரி பக்கம் யாராவது வந்தாங்களாப்பா?”

“சாயங்காலம் டிரைவ் மாத்த இன்ஜினியர் வந்தாருண்ணே. முதல் டிரைவைக் கழட்டியிருக்காரு, புதுசு நாளைக்குத்தான் வருதாம்.”

விடை அங்கேயே இருந்தது. நடுத்தர லைப்ரரிகள் பலவற்றில் ரோபோவுக்கென்று தனி ஃபைபர் கேபிள் கிடையாது. ஏதாவது ஒரு டிரைவ்தான் ரோபோவையும் சேர்த்து வெளியே காட்டும்; டிரைவ் லன் 0, ரோபோ லன் 1 (லன் என்பது ஒரே இணைப்பில் இருக்கும் சாதனங்களைப் பிரித்துக் காட்டும் எண்). அந்த டிரைவைக் கழற்றினாலோ பவரை அணைத்தாலோ ரோபோவும் சேர்ந்து காணாமல் போகும். மீதி ஏழு டிரைவிலும் ஒரு குறையும் இல்லை. ஆட்டிவைக்கும் கைக்குப் போகும் வழிதான் இல்லை. லைப்ரரியின் வெப் பக்கத்தில் ரோபோ லன்னை இரண்டாவது டிரைவுக்கு மாற்றி, சேன் சோனிங்கில் (எந்தச் சர்வர் எந்தச் சாதனத்தைப் பார்க்கலாம் என்ற அமைப்பில்) கன்ட்ரோல் ஹோஸ்டுக்கு அந்த டிரைவ் தெரிகிறதா என்று பார்த்து, டிவைஸ்களை மறுபடி ஸ்கேன் செய்ததும் எட்டில் ஏழு டிஎல்டிக்குத் திரும்பின.

அதனால் எல்லாமே ஏவிஆர் என்றால் டிரைவைத் தொடாதீர்கள். கன்ட்ரோல் ஹோஸ்டுக்குப் போங்கள். லினக்ஸ் என்றால் எல்எஸ்ஸ்கஸி ஓட்டி ‘மீடியம் சேஞ்சர்’ வரி வருகிறதா பாருங்கள். ஓஎஸ்ஸுக்கே தெரியாத ரோபோவை நெட்பேக்அப்பால் பார்க்க முடியாது. ரீபூட்டுக்குப் பிறகு வந்த சிக்கலாக இருந்தால் ‘எஸ்ஜி’ மாட்யூல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சில லினக்ஸ் சர்வர்களில் அது தானாக ஏறுவதில்லை, அது இல்லையென்றால் ரோபோவுக்கான பாதையே உருவாகாது. லைப்ரரியின் முன்பலகையையும் ஒரு முறை பாருங்கள். கதவு சரியாக மூடவில்லை, லைப்ரரி ஆஃப்லைன் என்று அதுவே சொல்லிக்கொண்டிருக்கும்.

ஒரே ஒரு மீடியா சர்வரில் மட்டும் ஏவிஆர்

ரோபோ நன்றாக இருக்கிறது. அந்தச் சர்வரிலிருந்து கன்ட்ரோல் ஹோஸ்டுக்குப் போகும் வழியில் ஏதோ மாறியிருக்கிறது. பெயரும் ஐபியும் இரு பக்கமும் சரியாகப் பொருந்துகின்றனவா, ஹோஸ்ட்ஸ் கோப்பில் பழைய வரி கிடக்கிறதா, ஃபயர்வாலில் 1556 போர்ட் திறந்திருக்கிறதா, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். சர்வரை வேறு நெட்வொர்க்குக்கு மாற்றிய வாரத்தில் இது வரும்.

ஒரு டிரைவ் மட்டும் திரும்பத் திரும்ப டவுன்

மென்பொருள் எதற்காக ஒரு டிரைவை டவுன் செய்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நெட்பேக்அப்பில் இயல்பாக 12 மணி நேரம் ஒரு கணக்கு ஓடுகிறது. அந்த நேரத்துக்குள் ஒரு டிரைவில் இரண்டுக்கு மேல் எழுத்து, வாசிப்பு, பொசிஷன் பிழைகள் வந்தால் டிரைவ் டவுன். ஒரு டேப்பில் இரண்டுக்கு மேல் வந்தால் டேப் ஃப்ரோஸன். இரண்டு கணக்கும் தனித்தனியாக ஓடுவதால், ஒரு கெட்ட டேப் நல்ல டிரைவை வீழ்த்தலாம். ஒரு கெட்ட டிரைவ் நல்ல டேப்புகளை உறையவைக்கலாம்.

குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க ஒரு கோப்பு இருக்கிறது. மீடியா சர்வரில் நெட்பேக்அப் டைரக்டரியின் கீழே ‘டிபி’, அதற்குள் ‘மீடியா’, அதற்குள் ‘எர்ரர்ஸ்’. தேதி, நேரம், டேப் எண், டிரைவ் எண், பிழையின் வகை, ஒரு வரிக்கு ஒரு பிழை. கடைசி நூறு வரியை எடுத்து டேப் எண் வாரியாக ஒரு முறையும் டிரைவ் வாரியாக ஒரு முறையும் வரிசைப்படுத்துங்கள். ஒரே டேப் மூன்று டிரைவில் பிழை தந்திருந்தால் டேப்பை விலக்குங்கள். ஒரே டிரைவில் பத்து வேறு டேப்புகள் பிழை தந்திருந்தால் டிரைவை மாற்ற சர்வீஸுக்குச் சொல்லுங்கள். ஜாப் விவரத்தில் வரும் 84 எழுத்துப் பிழை, 85 வாசிப்புப் பிழை, 86 பொசிஷன் பிழை. இவை மூன்றும் இந்தக் கோப்பில் கட்டாயம் தடம் விட்டிருக்கும். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் டிரைவை மாற்றச் சொல்லி, புது டிரைவிலும் அதே டேப் ஏறி அதே பிழை வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

டிரைவ்தான் என்று தெரிந்தால், மாற்றச் சொல்வதற்கு முன் சுத்தம் செய்தாகிவிட்டதா பாருங்கள். டிரைவ் தன் நிலையைச் சொல்ல டேப்அலர்ட் என்ற முறையில் 64 கொடிகள் உண்டு. 20 ஆவது கொடி ‘இப்போதே சுத்தம் செய்’. அது வந்திருந்தும் சுத்தம் நடக்கவில்லையென்றால் கிளீனிங் டேப் தீர்ந்துபோயிருக்கலாம். எல்டிஓ கிளீனிங் டேப்பை 50 முறை வரைதான் பயன்படுத்தலாம் என்பது பொதுவான கணக்கு. இன்னொன்று: லைப்ரரியின் ஆட்டோ கிளீனிங்கும் நெட்பேக்அப்பின் கிளீனிங்கும் ஒரே நேரத்தில் இயங்கினால், லைப்ரரி தன்னிச்சையாகக் கிளீனிங் டேப்பை ஏற்றிய அதே நொடியில் மென்பொருள் வந்து டேப் போடக் கேட்கும். டிரைவ் தயாராக இல்லை என்று பதில் வரும், கணக்கில் ஒரு பிழை ஏறும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் லைப்ரரியிடம் விட்டுவிடுவேன்.

பகிர்ந்த டிரைவ், ஒரு சர்வரில் மட்டும் டவுன்

டிரைவின் நிலை பாதை வாரியாகத்தான் பதிவாகிறது. ஆறு சர்வர்கள் பகிரும் டிரைவ் ஐந்தில் அப், ஒன்றில் டவுன் என்றால் டிரைவில் குறையில்லை. அந்தச் சர்வரின் ஹெச்பிஏ (சேனோடு இணைக்கும் அட்டை), ஃபைபர் கேபிள், சோனிங், டிரைவர் பதிப்பு, இவற்றைப் பாருங்கள். ஆறிலும் டவுன் என்றால்தான் டிரைவைச் சந்தேகிக்க வேண்டும். 2009 என்ற எண்ணோடு ஜாப் விழுந்தால், அதற்குப் பொருத்தமான டிரைவ் பாதைகள் எல்லாமே டவுன் என்று அர்த்தம்.

ரோபோ ஒரு டிரைவில் போடுகிறது, மென்பொருள் வேறொன்றில் தேடுகிறது

இது கொஞ்சம் ஏமாற்றும். ரோபோ டேப்பைச் சரியாக எடுத்துப் போகும் சத்தம் கேட்கும், டிரைவின் விளக்கும் பச்சையாக இருக்கும், ஆனால் ஜாப் ‘மவுண்ட் ஆகிறது’ என்றே நின்று கடைசியில் 52 என்ற எண்ணோடு விழும். கொஞ்ச நேரத்தில் இரண்டு டிரைவுகள் டவுன். பெரும்பாலும் ஜோடியாகத்தான் விழும், அதுவே அடையாளம்.

காரணம் பெரும்பாலும் ரீபூட் அல்லது டிரைவ் மாற்றம். லினக்ஸில் ‘என்எஸ்டி0’, ‘என்எஸ்டி1’ என்ற எண்கள், ஓஎஸ் டிவைஸ்களைக் கண்டெடுத்த வரிசையில் கிடைப்பவை. நேற்று 0 ஆக இருந்தது இன்று 1 ஆக இருக்கலாம். சரிபார்க்க ‘ஸ்கேன்’ என்ற கமாண்டை ஓட்டுங்கள். ரோபோவின் பகுதியில் முதல் டிரைவின் சீரியல் எண் இது, இரண்டாவதன் எண் இது என்று ரோபோவே சொல்லும். கீழே ஒவ்வொரு பாதையிலும் உட்கார்ந்திருக்கும் டிரைவின் சீரியல் எண் வரும். டிபிகான்ஃபிக் காட்டும் அமைப்போடு இதை ஒப்பிட்டால் எங்கே தடம் மாறியது என்று கையில் பிடித்துவிடலாம். ‘மிஸ்ஸிங் பாத்’ என்று வந்தால், அமைப்பில் எழுதியிருக்கும் டிரைவ் இப்போது எந்தப் பாதையிலும் இல்லை.

டிரைவை மாற்றியிருந்தால் சீரியல் எண் மாறியிருக்கும். பழையதை அழித்துப் புதிதாகச் சேர்க்க வேண்டியதில்லை. டிபிஆட்டோகான்ஃப் கமாண்டில் ‘ரிப்போர்ட் டிஸ்க்’ கொடுத்தால் வித்தியாசத்தைக் காட்டும், ‘ரீப்ளேஸ் டிரைவ்’ கொடுத்தால் அதே பெயரிலேயே புது எண்ணைப் பதிந்துகொள்ளும். நிரந்தரத் தீர்வு, லினக்ஸில் சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் யூடெவ் தரும் மாறாத பெயர்களைப் பயன்படுத்துவது.

சந்தேகம் தீரவில்லையென்றால், ரோபோவைக் கையால் ஆட்டிப் பார்க்க உதவும் ரோப்டெஸ்ட்டைத் திறந்து ஒரு காலி டேப்பை முதல் டிரைவுக்கு நீங்களே நகர்த்துங்கள். பிறகு டேப் டிரைவின் நிலையைக் காட்டும் எம்டி கமாண்டால் எந்தப் பாதையில் டேப் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். வேலை முடிந்ததும் ‘க்யூ’ அடித்து வெளியே வர மறக்காதீர்கள். ரோப்டெஸ்ட்டை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் ராத்திரி ஜாப்கள் ரோபோவுக்காகக் காத்துக் கிடக்கும்.

டேப் டிரைவுக்குள் மாட்டிக்கொண்டது

ரோப்டெஸ்ட்டில் ‘எஸ் டி’ அடித்தால் ஒவ்வொரு டிரைவின் நிலையும் வரும். உள்ளே டேப் இருக்கிறதா, எந்த ஸ்லாட்டிலிருந்து வந்தது, பார்கோடு என்ன. அதில் ‘ஆக்ஸஸ்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். டேப் உள்ளே இருந்து ஆக்ஸஸ் இல்லை என்றால், டிரைவ் இன்னும் டேப்பை வெளியே தள்ளவில்லை, ரோபோவால் பிடிக்க முடியாது. முதலில் அன்லோட், பிறகு நகர்த்தல். எந்த ஸ்லாட்டிலிருந்து வந்ததோ அதே ஸ்லாட்டுக்கு அனுப்புங்கள். அந்த ஸ்லாட்டில் யாரோ வேறு டேப்பைச் செருகியிருந்தால் ‘சேருமிடம் நிரம்பியுள்ளது’ என்ற பொருளில் பிழை வரும். காலி ஸ்லாட் பார்த்துப் போட்டுவிட்டு, எந்த டேப் எங்கே இருக்கிறது என்று மென்பொருளுக்குத் தெரிய இன்வென்டரி எடுங்கள்.

அன்லோட் கட்டளைக்கே டிரைவ் அசையவில்லையென்றால் டேப்பைக் கொஞ்சம் சந்தேகியுங்கள். எல்டிஓ கார்ட்ரிட்ஜின் ஓரத்தில் ஒரு சின்னக் கதவு இருக்கும். விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். உள்ளே டேப்பின் நுனியில் கோத்த ஒரு குட்டி உலோகக் கம்பி நேராக நிற்க வேண்டும். லீடர் பின் என்பது அதுதான். டிரைவ் அதைக் கொக்கி போட்டு இழுத்துத்தான் டேப்பைச் சுற்றுகிறது. கார்ட்ரிட்ஜ் கை தவறிக் கீழே விழுந்தால் இந்தக் கம்பி சாய்ந்துவிடும், சில சமயம் உள்ளே போய்விடும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. அப்படிப்பட்ட டேப்பை ‘போட்டுத்தான் பார்ப்போமே’ என்று இன்னொரு டிரைவில் போடாதீர்கள், அந்த டிரைவும் போய்விடும். கீழே விழுந்த டேப்பை ஒளிக்காமல் சொல்லும் பழக்கம் உங்கள் அணியில் இருக்கட்டும், சொன்னவரைத் திட்டாதீர்கள்.

புது எல்டிஓ-9 டேப் ஏறினால் மட்டும் மவுண்ட் ஆவதில்லை

எல்டிஓ-9 டிரைவ் ஒரு புத்தம்புது டேப்பை முதன்முறை பார்க்கும்போது அதை அளந்து தனக்கேற்ப அமைத்துக்கொள்ளும். சராசரியாக 40 நிமிடம். 2 மணி நேரம் வரைகூடப் போகலாம். 18 டெராபைட் ஏற்கும் டேப்பில் தடங்கள் அவ்வளவு நெருக்கம், அதனால் இந்த ஏற்பாடு. இது பழுதில்லை. ஆனால் மென்பொருளின் மவுண்ட் டைம்அவுட் அதற்குள் முடிந்துவிட்டால் ஜாப் விழும், டிரைவும் டவுன் ஆகலாம். அவசரப்பட்டு டிரைவை ரீசெட் செய்தால் அளவீடு பாதியில் நின்று, அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும். புது டேப்புகளைப் பகல் நேரத்தில், பேக்அப் விண்டோவுக்கு வெளியே, ஒவ்வொன்றாக ஏற்றி முடித்துவிட்டு அதன்பிறகு பூலில் சேருங்கள். கணக்கில் கொள்ள வேண்டிய இன்னொன்று, எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-6 டேப்பைப் படிக்காது. ஏழாம் தலைமுறை வரை இரண்டு தலைமுறை பின்னோக்கிப் படித்ததை நம்பிப் பழைய டேப்பைப் போடுபவர்கள் உண்டு.

‘பெண்ட்’, அதைவிட மோசமான ‘ரிவைண்ட்’

பகிர்ந்த டிரைவில் ஒரு சர்வர் எழுதிக்கொண்டிருக்கும்போது மற்றவை குறுக்கே வராதபடி ஸ்கஸி ரிசர்வ் என்ற பூட்டைப் போடுகிறது நெட்பேக்அப். பூட்டுப் போட்ட சர்வர் நடுவில் இறந்துவிட்டால் பூட்டு அப்படியே நிற்கும், மற்றவர்களுக்கு டிரைவ் பெண்ட். எந்த ஜாப்பும் அந்த டிரைவில் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு பூட்டை விடுவியுங்கள். விஎம்ஓபிஆர்சிஎம்டியிலேயே அதற்கான வழி இருக்கிறது. பழைய வகைப் பூட்டு என்றால் டிரைவின் பவரை அணைத்து எழுப்பினாலும் போகும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ரிசர்வ் அமைப்பை அணைத்துவிட்டவர்களைச் சந்தித்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். என்ன நடக்கும் என்று சொல்கிறேன். லினக்ஸில் ஒரே டிரைவுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ‘என்எஸ்டி0’ திறந்து மூடினால் டேப் இருந்த இடத்திலேயே இருக்கும். ‘எஸ்டி0’ திறந்து மூடினால் டேப் தொடக்கத்துக்கே ரிவைண்ட் ஆகும். ஒரு சர்வர் பாதி டேப் வரை எழுதியிருக்கிறது. இன்னொரு சர்வரில் ஒருவர் டிரைவின் நிலையைப் பார்க்கலாமென்று எம்டி கமாண்டில் ‘என்’ என்ற ஒரு எழுத்தை விட்டுவிட்டு அடிக்கிறார். பூட்டு இருந்தால் அவருக்கு மறுப்பு வரும், அதோடு முடிந்தது. பூட்டு இல்லையென்றால் டேப் சுழன்று தொடக்கத்துக்குப் போகும், முதல் சர்வர் அதை அறியாமல் தொடர்ந்து எழுதும், அந்த டேப்பில் ஏற்கெனவே இருந்த பேக்அப்களின் மேலேயே.

வெளிப்புற நிகழ்வால் ரிவைண்ட் ஆனது, மீடியாவில் உள்ள தரவு எல்லாம் போய்விட்டது என்ற பொருளில் நெட்பேக்அப் எழுதும் செய்தியை எங்கே பார்த்தாலும் மற்ற எல்லா வேலையையும் விட்டுவிட்டு அதைப் பாருங்கள். டேப் டிரைவை நோட்டம் விடும் ஹார்ட்வேர் கண்காணிப்பு ஏஜென்டுகளும் சேனில் நடக்கும் ரீசெட்டுகளும்கூட இதற்குக் காரணமாகலாம். டேப் டிரைவுகளின் சோனில் டேப்போடு சம்பந்தமில்லாத எந்தச் சர்வரும் இருக்கக் கூடாது. விண்டோஸ் மீடியா சர்வரில் டேப் டிரைவர் அவ்வப்போது டிரைவைத் தட்டிப் பார்க்கும் பழக்கத்தையும் ரெஜிஸ்ட்ரியில் ஆட்டோரன் மதிப்பை 0 ஆக்கி நிறுத்தலாம்.

டிரைவ் அப், சும்மா இருக்கிறது, ஜாப்கள் மட்டும் வரிசையில் நிற்கின்றன

டிரைவில் ஒன்றுமில்லை. செத்துப்போன ஜாப்புக்கு ஒதுக்கிய டிரைவை, டிரைவுகளைப் பங்கிட்டுத் தரும் ரிசோர்ஸ் புரோக்கர் இன்னும் விடுவிக்கவில்லை. பிரைமரி சர்வரில் என்பிஆர்பியுடில் கமாண்டில் ‘டம்ப்’ எடுத்து, எந்த ஒதுக்கீட்டுக்கு உயிருள்ள ஜாப் இல்லையோ அதை மட்டும் விடுவியுங்கள். ‘ரீசெட் ஆல்’ கொடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும் ஜாப்களும் போய்விடும். எல்டிஐடியை நிறுத்துவதும் அப்படித்தான். அந்தச் சர்வரில் டேப்பில் எழுதும் ஜாப்கள் முடியும்வரை பொறுத்துச் செய்யுங்கள்.

காரணம் தீர்ந்த பிறகு

இப்போது ‘அப்’ கொடுக்கலாம். கொடுத்துவிட்டு, காலாவதியான டேப் ஒன்றில் சின்ன பேக்அப் ஒன்றை ஓட்டி, அதை அதே டிரைவிலேயே ரிஸ்டோரும் செய்து பாருங்கள். பிறகு எர்ரர்ஸ் கோப்பை மறுபடி எடுத்து, இந்தக் கோளாறால் ஃப்ரோஸன் ஆன டேப்புகளின் பட்டியலைப் போடுங்கள். பழுதான டிரைவில் மட்டும் பிழை தந்தவற்றை, வேறொரு நல்ல டிரைவில் வெரிஃபை செய்து, படித்தால் பிபிமீடியா கமாண்டில் ‘அன்ஃப்ரீஸ்’ கொடுத்து வேலைக்கு அனுப்புங்கள். ரிவைண்ட் செய்தியோடு உறைந்த டேப்பை மட்டும் அன்ஃப்ரீஸ் செய்ய வேண்டாம். அதில் எந்தெந்த பேக்அப்கள் இருந்தன என்று கேட்டலாகில் பார்த்து, இரண்டாவது பிரதி இல்லாத ஒவ்வொன்றின் பெயரையும் எழுதி, அந்தத் தரவுக்குச் சொந்தக்காரருக்கு அன்றைக்கே தெரிவித்துவிடுங்கள்.